உருவ அழுத்தத்தைப் பற்றி ஒரு நிகழ்த்துகலை: என் உடலை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். உடல்தோற்றம் குறித்துச் சமூகம் தரும் அழுத்தத்தைப் பற்றி ஒரு தனிநபர் நிகழ்வை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். நாடகம் இல்லை. கதையும் பாத்திரங்களும் கிடையாது. என் உடல், ஒரு சின்ன அரங்கம், சுமார் 30 பார்வையாளர்கள், அரை மணி நேரம்.

இப்போது கையில் இருக்கும் வடிவம் இதுதான். நடுவில் ஓர் எடை பார்க்கும் மெஷின். நான் அதன் மேல் ஏறி நிற்கிறேன். எண் பின்னாலுள்ள திரையில் பெரிதாகத் தெரிகிறது. பார்வையாளர்களிடம் மார்க்கர் பேனா கொடுக்கப்படும். தங்கள் உடலைப் பற்றி யாரோ சொல்லி, மறக்க முடியாமல் போன ஒரு சொல்லை அவர்கள் வந்து என் தோலின் மேல் எழுதலாம். உடம்பு முழுக்க எழுத்து நிறைந்ததும் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொள்கிறேன். விளக்கு அணைகிறது.

தாளில் நன்றாக இருக்கிறது. ஒத்திகையில் ஏதோ உறுத்துகிறது. கழுவினால் போய்விடுகிற சொற்களா அவை? வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கைதட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், மறுநாளே யாரிடமாவது "கொஞ்சம் வெயிட் போட்டுட்டே போல" என்று சொல்வார்கள் என்றால் அந்த அரை மணி நேரம் எதற்கு?

சிறு வயதிலிருந்து நடனம் ஆடுகிறேன். வரிசையில் எந்த இடத்தில் நிற்கவைக்கிறார்கள் என்பதிலிருந்துதான் என் உடலுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொண்டேன். கோபம் நிறைய இருக்கிறது. அதை எப்படிக் கட்டமைப்பது என்றுதான் கேட்கிறேன். இதுபோல் செய்தவர்கள், பார்த்தவர்கள், மனநலத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

---

ஓவியத்தெரு:

உங்கள் வடிவத்தில் எல்லோரும் உங்கள் உடலைப் பார்க்கிறார்கள். பார்ப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை. உறுத்தல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்த்தா ராஸ்லர் 1977-ல் எடுத்த 'வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆஃப் எ சிட்டிசன், சிம்ப்ளி அப்டெய்ண்ட்' என்ற வீடியோவைத் தேடிப் பாருங்கள். சுமார் 39 நிமிடம். வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணை அங்கம் அங்கமாக அளக்கிறார்கள். அந்தப் பெண் ராஸ்லரேதான். ஒருவர் அளவைச் சொல்கிறார், இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். ஒவ்வோர் அளவும் சராசரியா, கூடுதலா, குறைவா என்று அறிவிக்கப்படுகிறது. பக்கத்தில் நிற்கும் மூன்று பெண்கள் அதற்கேற்ப ஒலி எழுப்புகிறார்கள். கேலி இல்லை, திட்டு இல்லை, யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க மூச்சு முட்டும். கொடுமை அங்கே ஓர் அலுவலக வேலையைப் போலப் பொறுமையாக நடந்துகொண்டே இருக்கிறது. நமக்கு அளக்கப்படுகிறவர் மேல் பரிதாபம் வருவதற்கு முன்பே அளக்கிறவர்கள் மேல் ஆத்திரம் வந்துவிடுகிறது.

எடை மெஷினை மேடையில் வைப்பதானால் அதன் வரலாறும் கூட வர வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். 1835-ல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தவர். மக்கள்தொகையை ஆராய்வதற்காக எடையையும் உயரத்தின் வர்க்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1972-ல் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவும் அந்தக் கணக்குக்கு பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்தைப் படிப்பதற்காக வந்த கணக்கு, இன்று தனி ஆளின் மேல் தீர்ப்பாக வந்து விழுகிறது. மெஷினில் ஏறி நிற்பது சோகமான காட்சியாக மட்டும் இருந்தால் இது எதுவுமே வெளியே தெரியாது.

---

மருதநிலா:

உண்ணும் கோளாறுகள் உள்ளவர்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். முதல் வேண்டுகோள்: திரையில் தெரியும் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

30 பேர் இருக்கும் அறையில் சாப்பாட்டோடும் எடையோடும் போராடிக்கொண்டிருக்கும் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவருக்கு நீங்கள் காட்டும் எண் ஒரு விமர்சனமாகப் போய்ச் சேராது. தன் எண்ணோடு வைத்துப் பார்க்க இன்னோர் எண் கிடைத்ததாகத்தான் இருக்கும். லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டில் இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார். தன்னை மதிப்பிட வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் அடுத்தவரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். பத்திரிகையாளர்களுக்கு இந்தத் துறையில் தரப்படும் அறிவுரையும் இதே திசைதான்: எடையை எண்ணில் சொல்லாதீர்கள், கலோரிக் கணக்கு போடாதீர்கள், என்ன செய்து எடையைக் குறைத்தார் என்று விவரிக்காதீர்கள், முன்பு - பின்பு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மேடைக்கும் இது அப்படியே பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்பரா ஃபிரெட்ரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கண்ணாடி உள்ள அறையில் தனியாக நீச்சலுடை அல்லது ஸ்வெட்டர் அணிந்து பார்க்கச் சொன்னார்கள். அதே உடையில் கணக்குத் தேர்வும் எழுதச் சொன்னார்கள். நீச்சலுடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டரில் இருந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. கவனியுங்கள், அந்த அறையில் வேறு யாருமே இல்லை. பார்க்கிறவர் உள்ளேயே குடியேறிவிட்டார். உங்கள் நிகழ்வு இதைத் தொட முடிந்தால் பெரிய விஷயம்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஒத்திகைதோறும் அந்த மெஷினில் ஏறி இறங்குவது உங்களை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நடனத் துறையிலிருந்து வருகிறேன் என்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். முன்பு எப்போதாவது உண்ணும் கோளாறு இருந்திருந்தால், எடையோடும் உணவோடும் விளையாடும் எந்தக் கலை முயற்சியையும் உங்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்காதீர்கள்.

---

கேள்விக்குறி:

மருதநிலா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு மறுப்பு. ஆபத்தான எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சிதான். யோகோ ஓனோ 'கட் பீஸ்' செய்தபோது கத்தரிக்கோலை எடுத்துவிட்டா செய்தார்? மரீனா அப்ரமோவிச் நேப்பிள்ஸில் மேசைமேல் துப்பாக்கியையே வைத்தார். பார்க்கிறவருக்குப் பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் எதுவும் மாறாது என்பது என் அனுபவம். எண்ணைக் காட்டட்டும். சங்கடப்படட்டும்.

---

தனிக்கூத்து:

கேள்விக்குறி, நீங்கள் சொன்ன இரண்டு படைப்புகளையும் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். இந்த வகை நிகழ்வுகளைச் செய்கிறவன் என்ற முறையில் இவை இரண்டிலிருந்தும் நிறையக் கற்றிருக்கிறேன்.

'கட் பீஸ்' முதலில் 1964-ல் கியோட்டோவில் நடந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கார்னகி ரெசிட்டல் ஹாலில் நடந்ததற்குப் படப்பதிவு இருக்கிறது. ஓனோ மண்டியிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் பின் ஒருவராக மேடையேறி அவருடைய உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சிலர் ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டு இறங்குகிறார்கள். ஒருவர் உள்ளாடையின் பட்டை வரைக்கும் போகிறார். இரண்டும் அனுமதிக்கப்பட்டதுதான். எவ்வளவு வெட்டுவது என்பதை வெட்டுகிறவரே தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வுதான் படைப்பு. கத்தரிக்கோல் அதற்கு ஒரு கருவி, அவ்வளவே.

அப்ரமோவிச்சின் 'ரிதம் 0', 1974. ஆறு மணி நேரம், மேசையில் 72 பொருட்கள். ரோஜா, இறகு, தேன் எல்லாமும் இருந்தன. துப்பாக்கியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவரை நோக்கித் துப்பாக்கியை வைத்தவரும் அங்கே இருந்தார், அதைத் தடுக்கப் பாய்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரே கூட்டம்தான். அன்பு காட்டவும் காயப்படுத்தவும் வேண்டியது எல்லாம் அந்த ஒரே மேசையில் இருந்தது. யார் எதை எடுக்கிறார் என்பதில் அவரவர் வெளியே வந்துவிட்டார்கள்.

இப்போது உப்புக்காற்றின் வடிவத்துக்கு வாருங்கள். பார்வையாளருக்கு என்ன தேர்வு இருக்கிறது? பேனாவை வாங்கி எழுதலாம். அவ்வளவுதான். எழுதியதற்கு அவர் பொறுப்பேற்கவும் வேண்டாம், ஏனென்றால் அது வேறு யாரோ சொன்ன சொல். மொத்த அரங்கமும் ஒழுங்காகச் சொன்னதைச் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் பரிதாபத்தில் முடிகிறது. எழுதலாம், ஏற்கெனவே எழுதியதை அழிக்கலாம், ஒரு துணியை எடுத்துப் போர்த்திவிடலாம், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று நான்கு வழிகளைத் திறந்து வையுங்கள். அறை வேறு மாதிரி ஆகிவிடும்.

எண்ணைக் காட்டுவது பற்றி மருதநிலா பக்கம்தான் நான். ஒருவருடைய பழைய நோயைக் கிளறுவதையும் ஒருவரை யோசிக்கவைப்பதையும் சங்கடம் என்ற ஒரே பெயரில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

---

உப்புக்காற்று:

எழுத, அழிக்க, போர்த்த என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எண் போகிறது. மருதநிலாவுக்கு: உண்ணும் கோளாறு இருந்ததில்லை, ஆனால் கண்ணாடி இருக்கும் ஒத்திகை அறையில் இன்னும் என்னால் நிம்மதியாக நிற்க முடியாது. "உள்ளேயே குடியேறிவிட்டார்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

---

ஓவியத்தெரு:

எடையையே கருவாக எடுத்த ஒரு படைப்பை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. எலினோர் ஆன்டின், 1972, 'கார்விங்: எ ட்ரெடிஷனல் ஸ்கல்ப்சர்'. 37 நாட்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து, தினமும் நான்கு பக்கங்களிலிருந்து தன் உடலைப் படம் எடுத்தார். மொத்தம் 148 கறுப்பு வெள்ளைப் படங்கள். கிரேக்கச் சிற்பி கல்லைச் செதுக்குவது போலத் தன் சதையைத் தானே செதுக்குகிறாராம். 2011-ல் கஸில்ஸ் என்ற கலைஞர் அதைத் திருப்பிப் போட்டார். 23 வாரம் கடும் உடற்பயிற்சியும் உணவும் சேர்த்துத் தசையை ஏற்றி, தினமும் அதே நான்கு கோணங்களில் படம். ஒன்று குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. இரண்டிலும் உடலை ஓர் அச்சுக்குள் தள்ளும் உழைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது.

---

மருதநிலா:

ஆன்டினின் வரிசையைப் பார்க்கிற யாருடைய கண்ணும் முதல் வேலையாக முதல் படத்தையும் கடைசிப் படத்தையும்தான் ஒப்பிடும். நான் மேலே சொன்ன முன்பு - பின்பு படம்தானே அது?

---

ஓவியத்தெரு:

ஆமாம், ஒப்பிடும். ஒப்பிட்ட பிறகு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே சிரமமாக இருக்கும். "இவ்வளவு நாள் பட்டினி கிடந்து இதற்கா" என்ற எண்ணம் வரும்போது உங்கள் கண் எதைத் தேடிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்கே பிடிபடும். எனக்கு அது முக்கியமான படைப்பு. அதற்காக இன்று ஒரு இளம் கலைஞரை அதே வழியில் போகச் சொல்வேனா என்றால், மாட்டேன்.

---

மருதநிலா:

நாம் இருவரும் இதில் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. பட்டினியைக் கலை வழியாக மறுபடி கண்ணியப்படுத்துவதில் எனக்கு இருக்கும் பயத்தை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன். கட்டுப்பாடு, தூய்மை, ஒழுக்கம் என்ற பெயர்களில்தான் அந்த நோய் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும். மேடையின் வெளிச்சமும் அதோடு சேர்ந்தால் வெளியே வருவது இன்னும் கடினம்.

---

மேகமூட்டம்:

ஆண்கள் தரப்பிலிருந்து ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் "ஒல்லிப்பிச்சான்" என்றுதான் என் பேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. இன்று ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றி வைத்திருக்கிறேன், ஆனால் சட்டையைக் கழற்ற இன்னமும் தயக்கம். ஹாரிசன் போப் குழுவினர் 1999-ல் செய்த ஓர் ஆய்வு, ஆண் பொம்மைகளின் மார்பும் புஜமும் சில பத்தாண்டுகளில் எப்படி வீங்கிக்கொண்டே வந்திருக்கின்றன என்று அளந்து காட்டியது. தசைக்கட்டில் சில பொம்மைகள் பெரிய பாடிபில்டர்களையும் மிஞ்சிவிட்டன. சிறுவனாக நான் கையில் வைத்து விளையாடியது அந்த மாதிரி பொம்மைகளைத்தான்.

பெண்கள் மேல் இருக்கும் அழுத்தமும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வேலை, திருமணம், தெருவில் நடப்பது வரை அவர்களை அது பின்தொடர்கிறது. ஆனால் உங்கள் நிகழ்வுக்கு நான் வந்தால், எழுத என்னிடமும் ஒரு சொல் இருக்கிறது. ஒரு பெண்ணின் தோலில் ஆண் ஒருவன் பேனா பிடித்து எழுதுவது எனக்கே கூசுகிறது. நல்ல எண்ணத்தோடு வந்தாலும் பார்க்க வேறு மாதிரி ஆகிவிடும். அதை யோசித்தீர்களா?

---

தனிக்கூத்து:

மேகமூட்டம் சொன்னது மிக முக்கியம். தோலில் எழுதுவதை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. ரெஜினா ஹோசே காலிந்தோ 2005-ல் கராகஸில் ஒரு நிகழ்வு செய்தார். ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் அவருடைய உடலில், 'சரியான' உடலாக மாற எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டே போகிறார். கோடு போடுகிறவர் உண்மையான மருத்துவர் என்பதால் அந்தக் கோடுகளுக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது, நம் வயிறு கலங்குகிறது. 30 பேர் வந்து ஆளுக்கொரு சொல் எழுதும்போது அந்தக் கூர்மை கிடைக்காது. நெரிசல்தான் கிடைக்கும்.

---

பின்னணி_ஒலி:

நான் விளக்கும் ஒலியும் அமைப்பவன். கலைக் கோட்பாடு பேசத் தெரியாது. செய்முறையில் சிலது சொல்கிறேன்.

அரங்கத்தின் விளக்குகளை அணைக்காதீர்கள். இருட்டில் உட்கார்ந்தவர் யாரை வேண்டுமானாலும் எவ்வளவு நேரமும் முறைத்துப் பார்க்கலாம், யாருக்கும் தெரியாது. உங்கள் மேல் எவ்வளவு வெளிச்சமோ அதே அளவு அவர்கள் மேலும் இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். நாற்காலிகளைப் பாதி வட்டமாகப் போட்டால், பார்ப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதையும் பார்ப்பார்.

கண்ணாடி வைக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஆட்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள், கவனம் போய்விடும்.

எடை மெஷின் இருக்கிறதானால் அடியில் ஒரு கான்டாக்ட் மைக் (ஒட்டிய பொருளின் அதிர்வை ஒலியாக எடுக்கும் மைக்) ஒட்டுங்கள். நீங்கள் ஏறும்போதும் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போதும் அது எழுப்பும் சத்தமே போதும். எண் தேவைப்படாது.

தோலில் எழுதுவதை வைத்துக்கொள்வீர்கள் என்றால்: மார்க்கர் பேனாவின் மை தோலுக்கானது இல்லை. முகப்பூச்சு வண்ணம் அல்லது தண்ணீரில் கரையும் அழகுசாதனப் பென்சில் போன்றவை பயன்படுத்துங்கள். முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் மேடையில் தண்ணீர் ஊற்றுவது... மைக், மின்கம்பி, ஈரத் தரை எல்லாம் ஒரே இடத்தில். எந்த அரங்கப் பொறுப்பாளரும் சம்மதிக்க மாட்டார், நானும் மாட்டேன்.

---

கேள்விக்குறி:

நான் கேட்டதை வேறு விதமாகக் கேட்கிறேன். ஏன் உடல் அங்கே இருந்தே ஆக வேண்டும்? நடனக் கலைஞரின் உடல் மேடையில் வந்து நின்றாலே முதலில் அது அழகாகத்தான் தெரியும். "உனக்கென்ன குறை" என்பார்கள்.

---

ஓவியத்தெரு:

ஹன்னா வில்க்கே என்ற கலைஞருக்கு நடந்தது அதுதான். 1970-களின் நடுவில் சூயிங் கம்மைச் சின்னச் சின்ன வடிவங்களாகச் செய்து, வடு போல உடம்பில் ஒட்டிக்கொண்டு, விளம்பர மாடல் போல நின்று படம் எடுத்துக்கொண்டார். அழகானவர், அதனால் தன்னை ரசித்துக்கொள்கிறார் என்று விமர்சித்தார்கள். பிறகு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் வீங்கி, முடி கொட்டிப்போன உடம்பை அதே தைரியத்தோடு 'இன்ட்ரா-வீனஸ்' வரிசையில் காட்டினார். 1993-ல் இறந்த பிறகுதான் அந்தப் படங்கள் காட்சிக்கு வந்தன. அப்போது யாரும் சுயமோகம் என்று சொல்லவில்லை. நோய் வந்து சிதைந்தால்தான் ஒரு பெண்ணுக்குத் தன் உடலைக் காட்ட உரிமை வருமா என்ற கேள்வி என்னை இன்றும் விடவில்லை. அதனால் உப்புக்காற்று தன் உடலோடு மேடைக்கு வரட்டும். அழகா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் கண்ணும் அறையில் மாட்டிக்கொள்ள வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

உடல் இல்லாமலும் செய்யலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜனின் அன்டோனியின் 'நா' (Gnaw, அதாவது கொறித்தல், 1992): 600 பவுண்டு சாக்லேட் கட்டி ஒன்று, 600 பவுண்டு பன்றிக் கொழுப்புக் கட்டி ஒன்று. இரண்டையும் பல்லால் கடித்துத் துப்பினார். துப்பியதிலிருந்து இதய வடிவ சாக்லேட் பெட்டிகளும் லிப்ஸ்டிக்குகளும் செய்து கடை அலமாரி போல அடுக்கினார். கண்காட்சியில் அவர் இல்லை, பல் தடம் மட்டும் இருந்தது. ஆசை, வெறுப்பு, அலங்காரம் மூன்றும் அந்தப் பல் தடத்திலேயே தெரிந்தன.

---

மருதநிலா:

எழுதப்போகும் சொற்களைப் பற்றி ஒன்று. உருவக்கேலி என்றதும் எல்லோரும் வசைச் சொற்களையே எதிர்பார்க்கிறோம். என்னிடம் வருபவர்கள் சொல்வதில் பெரும்பகுதி வசையே கிடையாது. "அக்கறையில்தான் சொல்றேன்." "முகம் எவ்வளவு களையா இருக்கு, கொஞ்சம் இளைச்சா போதும்." "இந்த நிறத்துக்கு அந்தக் கலர் எடுபடாதும்மா." "இன்னும் கொஞ்சம் சாப்பிடு, காத்துல பறந்துடப் போறே." எல்லாம் அன்பான குரலில், சாப்பாடு பரிமாறும் கையிலிருந்து வந்தவை. வசையை எதிர்த்துக் கோபப்படலாம். இதை எதிர்த்து என்ன செய்வது? அங்கேதான் ஆள் உடைகிறார்.

இளைத்ததற்குக் கிடைக்கும் பாராட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயில் இளைத்தவரிடமும் துக்கத்தில் இளைத்தவரிடமும் "சூப்பரா ஆயிட்டே" என்று சொல்கிறோம். கேட்டவர் அதை வருடக்கணக்கில் சுமக்கிறார்.

---

உப்புக்காற்று:

இதைப் படித்ததும் பழைய வடிவத்தை முழுக்கக் கலைத்துவிட்டேன். புதிதாக வந்திருப்பதை எழுதுகிறேன், தயவுசெய்து உடைத்துப் பாருங்கள்.

விளக்கு எல்லோர் மேலும் ஒரே அளவு. நாற்காலிகள் பாதி வட்டம். நான் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல வெள்ளைச் சட்டைகள் அணிந்து நிற்கிறேன். உடம்பின் வடிவமே தெரியாத அளவுக்கு. உதவியாளர்கள் இரண்டு பேர், சாதாரண உடையில். அவர்கள் கையில் அளவு நாடா. ஆனால் என்னை அளக்க மாட்டார்கள். என் தோளிலிருந்து முன்வரிசையில் இருப்பவரின் கண் வரைக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். அப்புறம் இடுப்பிலிருந்து இன்னொருவரின் கண் வரைக்கும். அளவைச் சத்தமாகச் சொல்லி, "சராசரி", "சராசரிக்கு மேல்" என்று குறித்துக்கொள்வார்கள். யாருடைய உடலின் அளவும் சொல்லப்படாது, பார்வையின் நீளம் மட்டும்தான் பதிவாகும்.

இதற்கிடையே பதிவு செய்த குரல்கள் ஒலிக்கும். எல்லாம் அக்கறையான குரல்கள். மருதநிலா சொன்ன மாதிரி வாக்கியங்கள், முன்கூட்டியே பலரிடம் பெயரில்லாமல் எழுதி வாங்கியவை, வேறு ஆட்களின் குரலில். மேகமூட்டம், உங்கள் சொல்லையும் அனுப்புங்கள்.

பிறகு பேனாக்கள் வைத்த மேசை. வேண்டியவர் வந்து சட்டையில் எழுதலாம், முன்பு எழுதியதை அடித்துவிடலாம், மேசையில் உள்ள சால்வையைப் போர்த்தலாம். ஒரு சட்டை நிறைந்ததும் நான் கழற்றி ஹேங்கரில் மாட்டுவேன். அடியில் இன்னொரு வெள்ளைச் சட்டை. கடைசிச் சட்டையை நான் கழற்ற மாட்டேன். யாராவது அதில் எழுத வந்தால் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன். அந்த ஒரு முறைதான் அசைவேன்.

---

தனிக்கூத்து:

பேனாவை வாங்கிக்கொள்ளும் அந்த அசைவுக்காகவே நான் டிக்கெட் எடுப்பேன். நாடாவைக் கண் வரைக்கும் நீட்டுவது அருமை. நாடாவின் முனை முகத்தைத் தொடாமல் ஒரு சாண் முன்பே நிற்க வேண்டும் என்று உதவியாளர்களைப் பழக்குங்கள். யாராவது கையை உயர்த்தினால் உடனே அடுத்தவரிடம் போய்விட வேண்டும். நிறுத்துவதற்கான சைகை உங்களுக்கும் ஒன்று தேவை. உதவியாளர் இருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

முடிந்ததும் உடனே கேள்வி பதில் வைக்காதீர்கள். வேஷம் கலைக்க நேரம் வேண்டும், உங்களுக்கு வேஷமே இல்லாவிட்டாலும். முகம் கழுவி, சொந்த உடை மாற்றி, ஏதாவது சாப்பிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு உட்காருங்கள். அந்த நேரத்தில் யாரும் உங்கள் தோற்றத்தைப் பற்றிப் பேசக் கூடாது. "மேடையில ரொம்ப அழகா இருந்தே" என்பதுகூட வேண்டாம்.

---

மருதநிலா:

நல்ல மாற்றம். வாசலிலேயே ஒரு அறிவிப்பு இருக்கட்டும்: உடல்தோற்றம் பற்றிய கருத்துகள் ஒலிக்கும், உங்களை நோக்கி அளவு நாடா நீளலாம், வேண்டாம் என்றால் இந்தப் பக்கத்து நாற்காலிகளில் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். கதவுக்கருகே ஒருவர் நிற்கட்டும். வெளியேறுகிறவரிடம் காரணம் கேட்காமல் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். பயன்படுத்தக்கூடிய உதவி எண்கள் அச்சிட்ட சீட்டும் அங்கே இருக்கலாம்.

பிறருடைய வாக்கியங்களை வாங்கும்போது, எங்கே எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நிகழ்வுக்கு முன்னால் வரை திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

---

கேள்விக்குறி:

நான் இழைக்குள் வந்தபோது எண்ணைக் காட்டச் சொன்னேன். இந்த வடிவத்தில் எண்கள் நிறைய இருக்கின்றன, அவை எங்கள் மேல் திரும்பியிருக்கின்றன. இது எனக்குப் பாதுகாப்பான நிகழ்வாகத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்காரவே யோசிப்பேன். அதனால் ஆதரிக்கிறேன்.

கேமரா விஷயம் மட்டும் மிச்சம். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. வெள்ளைச் சட்டையில் எழுத்து, அழகான படம். அடுத்த நாள் அந்தப் படத்துக்குக் கீழே உங்கள் உடலைப் பற்றியே கருத்துகள் வரும்.

---

பின்னணி_ஒலி:

போன்களை வாசலில் உறையில் போட்டு ஒட்டி, அவரவர் கையிலேயே கொடுத்துவிடலாம். பிடுங்கி வைத்தால் சண்டை வரும். பதிவு தேவை என்றால் ஒரே ஒரு கேமரா, உங்களுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், அசையாமல். அதில் எழுதும் கைகளும் நீளும் நாடாவும் மட்டும் விழும்படி ஃப்ரேமைக் கட்டிவிடுகிறேன். முகங்கள் வராது, உங்கள் உடலும் வராது. கேமரா இருப்பதை வாசல் அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.

---

உப்புக்காற்று:

கேமரா அப்படியே இருக்கட்டும். அடுத்த ஒத்திகைக்கு நடனம் தெரியாத சிலரைப் பார்வையாளர்களாக அழைத்திருக்கிறேன். நாடா அவர்கள் பக்கம் நீளும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், சட்டைகள் எத்தனை போதும் என்பதும் அப்போதுதான் தெரியும். வாக்கியங்கள் அனுப்ப விரும்புகிறவர்கள் தனிமடலில் எழுதுங்கள், ஒப்புதல் படிவத்தை அனுப்பிவைக்கிறேன். மருதநிலா, அந்தப் படிவத்தை முதலில் நீங்கள் ஒருமுறை படித்துத் திருத்தித் தர முடியுமா?

---

மருதநிலா:

அனுப்புங்கள், படிக்கிறேன். வாக்கியங்களை ஒலிப்பதிவு செய்யும்போதும் முடிந்தால் வருகிறேன். பேசப்போகும் குரல் கலைஞர்களுக்கும் அவை தெரிந்த வாக்கியங்களாக இருக்கலாம்.